பழைய தாய்ப்பலகைகளில் பயாஸ் மீட்பு

தாய்ப்பலகையின் பிளாஷ் சிப்பில் இருக்கும் தொடக்க நிரலான பயாஸ் சிதைந்துபோனால், அதைத் திரும்ப எழுதிக் கணினியை இயங்கவைப்பதே பயாஸ் மீட்பு. பயாஸ் கெட்ட பலகையில் மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும். திரையில் மட்டும் ஒன்றும் வராது. செத்துவிட்டதென்று ஒதுக்கப்படும் பலகை, 128 அல்லது 256 கிலோபைட் கோப்பு ஒன்றை மறுபடி எழுதினாலே பிழைத்துக்கொள்வதுண்டு.

பயாஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போவதும், வேறு மாடலுக்கான கோப்பை எழுதிவிடுவதும்தான் வழக்கமான காரணங்கள். 1998இல் தைவானில் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ் பயாஸை வேண்டுமென்றே சிதைத்தது. 1999 ஏப்ரல் 26 அன்று அது செயல்பட்டு, வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் உள்ள பலகைகளின் பயாஸையும் குலைத்தது.

பயாஸ் மீது பழி போடுமுன், பேட்டரி தக்கவைக்கும் சிமாஸ் அமைப்புகளை அழித்துப் பார்க்க வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றிவைத்தாலோ, அதற்கான ஜம்பரை மாற்றினாலோ போதும். ரேமையும் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும்.

மீட்புக்கு முதல் நம்பிக்கை பூட் பிளாக். மின்சாரம் வந்ததும் செயலி முதல் கட்டளையைத் தேடிப் போவது சிப்பின் இந்தச் சிறு பகுதிக்குத்தான். வழக்கமான புதுப்பிப்பு இதைத் தொடாமல் விடுவதால், மற்றதெல்லாம் அழிந்தாலும் இது பெரும்பாலும் தப்பிவிடும். சரிபார்ப்புத் தொகை ஒத்துவராததைக் கண்டதும் பிளாப்பியைத் தேடத் தொடங்கும். அவார்டு பயாஸ் என்றால், டாஸ் தொடக்க பிளாப்பியில் அவ்டுபிளாஷ் நிரலையும் பயாஸ் கோப்பையும் வைத்து, ஆட்டோஎக்ஸெக் கோப்பில் கட்டளையை எழுதிவைக்க வேண்டும். பழைய அவார்டு பூட் பிளாக்குகள் பலவற்றுக்கு ஐஎஸ்ஏ வீடியோ கார்டு மட்டுமே தெரியும். ஏஜிபி கார்டு மாட்டியிருந்தால் திரை இருட்டாகவே இருக்கும். பிளாப்பியின் விளக்கும் சத்தமும்தான் வேலை நடப்பதற்கு அடையாளம். அந்த நேரத்தில் பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்திவிடக் கூடாது. அமி பயாஸுக்குக் கோப்பின் பெயரை அமிபூட்.ரோம் என்று மாற்றி, கன்ட்ரோல், ஹோம் விசைகளை அழுத்திப் பிடித்தபடி இயக்க வேண்டும். இன்டெல்லின் சொந்தப் பலகைகள் பலவற்றில் அமைப்பு ஜம்பரை முழுதாக எடுத்துவிட்டாலே மீட்பு தொடங்கும்.

பூட் பிளாக்கும் போய்விட்டால் சிலர் அதே மாடல் பலகை ஒன்றை டாஸில் இயக்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சிப்பை உருவி, கெட்ட சிப்பைச் செருகி எழுதுவார்கள். பயாஸ் ஏற்கெனவே ரேமுக்குப் பிரதியாகியிருப்பதால் இது நடக்கிறது. ஆனால் கை சற்று நழுவினால் இரண்டு பலகைகளும் போகும். சிப்பில் நேரடியாக எழுதும் புரோகிராமர் கருவி கிடைக்கும் இந்நாளில் இது வேண்டாத துணிச்சல்.

எட்டுக் கால் எஸ்பிஐ சிப்களுக்கு சிஎச்341ஏ புரோகிராமரும் ஒரு கிளிப்பும் போதும். பலகையின் மின்சாரத்தையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, சிப்பின் மூலையில் புள்ளியிட்ட முதல் காலில் கிளிப்பின் சிவப்புக் கம்பி வருமாறு கவ்வ வேண்டும். சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்பதை முன்பே பார்த்துக்கொள்வது கட்டாயம். எழுதுமுன் இருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும்; வேறுபட்டால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. சிதைந்த பிரதியையும் பத்திரப்படுத்த வேண்டும். பல பலகைகளின் பிணைய முகவரியும் வரிசை எண்ணும் அதில்தான் இருக்கும். நிறுவனத்தின் கோப்பில் அவை கிடைக்காது. சாக்கெட்டில் செருகும் 32 கால் சிப்களைச் சிஎச்341ஏ எழுதாது. அவற்றுக்கு வேறு புரோகிராமர் வேண்டும்.

ஒரே பெயரில் வெளியான பலகைகளுக்கும் திருத்த எண்ணைப் பொறுத்துப் பயாஸ் வேறுபடலாம். அதனால் பலகையில் அச்சிட்டிருக்கும் மாடலையும் திருத்த எண்ணையும் பார்த்தே கோப்பைத் தேட வேண்டும். உற்பத்தி நின்ற மாடல்களின் கோப்புகளை நிறுவனங்கள் நீக்கிவிடுவதும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பழைய பலகை வைத்திருப்பவர்கள் அதன் பயாஸை இப்போதே பிரதியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.