குளிர் நாட்டில் கிளி: அறையின் சூடும் ஈரப்பதனும்

புலம்பெயர்ந்த நாடுகளில் நம்மவர் வீடுகள் பலவற்றில் கிளி வளர்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடமும் பெற்றோர் வேலையும் போனபின், தனித்திருக்கும் அம்மம்மாவுக்குப் பேச்சுத்துணையும் அதுதான். அதன் சாப்பாட்டில் காட்டும் கவனத்தை அது சுவாசிக்கும் காற்றில் நாம் காட்டுவது குறைவு.

வெப்பநிலை

வீட்டுக்கிளிகளில் பெரும்பாலானவற்றுக்கு 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை வசதியானது. இதற்குள் எந்த அளவு என்பதைவிட, திடீரென்று மாறாமல் இருப்பதே முக்கியம். கட்டணத்தை மிச்சம்பிடிக்க இரவில் ஹீட்டரை முற்றாக நிறுத்தாமல் 18இல் விடுங்கள். கூட்டை யன்னல், வாசற்கதவு, ஹீட்டர் மூன்றுக்கும் தள்ளி, உட்சுவரோரம் வையுங்கள். இரவில் காற்றோட்டத்துக்கு ஒரு பக்கம் விட்டு, பருத்தித் துணியால் மூடலாம்.

லண்டன் பூங்காக்களில் பச்சைக்கிளிகள் பனியிலும் பறக்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. அவை ஊரில் நாம் பார்த்த அதே இனம்தான். ஆனால் வெளியிலேயே பொரித்து வளர்ந்து, பருவத்தோடு பழகியவை. ஆண்டு முழுவதும் சூடான அறையில் இருக்கும் பறவைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஈரப்பதன்

40 முதல் 60 வீதம் நல்லது. மாரியில் இது ஏன் குறைகிறது என்பது எளிய கணக்கு. பூச்சியம் பாகையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 பாகையில் 17 கிராம். வெளிக்காற்று உள்ளே வந்து சூடாகும்போது நீராவி கூடுவதில்லை. ஆகவே ஈரப்பதன் 30 வீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். தோல் காய்ந்து கடிக்கும். கிளி சொறியும், சிலவேளை இறகைப் பிடுங்கும். மழைக்காட்டிலிருந்து வந்த ஆபிரிக்கச் சாம்பல் கிளிக்கும் அமேசன் கிளிக்கும் இது கூடிய தொல்லை. அவுஸ்திரேலிய வறண்ட நிலத்துப் பட்ஜியும் கொக்கட்டீலும் ஓரளவு தாங்கும்.

கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஈரப்பதன்மானி வையுங்கள். அளவு குறைந்தால் குளிர்ந்த ஆவி விடும் ஈரமூட்டியைப் பாவியுங்கள். தண்ணீரை நாளாந்தம் மாற்றிக் கழுவுங்கள். காலையில் இளஞ்சூட்டுத் தண்ணீரைத் தூறலாகத் தெளிக்கலாம். இரவுக்கு முன் இறகு காயவேண்டும். 60 வீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். அது கிளியின் நுரையீரலுக்கு ஆபத்து.

அறிகுறிகள்

கிளிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. சூடு கூடினால் அலகைத் திறந்து மூச்சுவாங்கும், செட்டைகளை உடலிலிருந்து விலக்கிப் பிடிக்கும். குளிர்ந்தால் இறகைப் பொங்கவைத்து ஒடுங்கும், நடுங்கும். அறை சூடாகியும் பொங்கியபடியே இருந்தால் அது நோயாக இருக்கலாம். கிளி நோயை மறைக்கும் பிராணி. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் பறவைகளைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

புகை

தெஃப்லோன் பூசிய தாச்சி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவி கிளியைச் சில நிமிடங்களில் கொல்லும். சில சிறு ஹீட்டர்களின் உள்ளேயும் இப்பூச்சு உண்டு; வாங்குமுன் விசாரியுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, மிளகாய் வறுக்கும் புகை இவற்றுக்கு எட்டாத அறையில் கூட்டை வையுங்கள்.

ஈரப்பதன்மானியின் விலை, வைத்தியரிடம் ஒருமுறை போகும் செலவில் ஒரு சிறு பங்குதான். மாரி தொடங்குமுன் வாங்கிவிடுங்கள்.