கட்டம் போட்ட சரித்திரம்

மோஸ்தர் விஷயத்தில் நான் பலவீனமானவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ராயபுரத்தில் ஓர் ஒண்டுக் குடித்தன வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த வியாதி எப்படித் தொற்றியது என்று தெரியவில்லை. தொளதொளவென்ற கால்சட்டை ஊருக்குள் வந்தால், அடுத்த மாதம் அது என் காலில் இருக்கும். கறுப்புக் கண்ணாடி, அகலமான பெல்ட், கழுத்துப் பட்டைக்குள் மடித்துச் செருகிய கைக்குட்டை எல்லாம் பர்மா பஜாரில் நாள் முழுதும் பேரம் பேசி வாங்கியவை. நாற்பதைத் தாண்டிய பிறகும் துணிக் கடையின் கண்ணாடி ஜன்னலைக் கண்டால் என் கால் தானாகவே நின்றுவிடுகிறது.

இத்தகைய ஆசாமிக்கு ஜன்ம வைரி யார் தெரியுமா? கைலிதான்!

என் தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் பேட்டையில் அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். நைனாவிடம் இருந்தவை சிவப்பும் நீலமுமாகக் கட்டம் போட்ட இரண்டு கைலிகள். ஒன்று இடுப்பில், ஒன்று கொடியில். நான் கல்லூரியில் படித்தபோது ஒரு நாள் பரீட்சைப் பணம் கட்ட மறந்துவிட்டேன். நைனா வேலையிலிருந்து நேரே அதே கைலியோடு கல்லூரி வாசலுக்கு வந்து நின்றார். நான் வாசலுக்குப் போகவில்லை. எதிரேயிருந்த டீக்கடையின் பின்புறமாகப் போய், ஜாடை காட்டி அவரை அங்கே வரவழைத்துப் பணத்தை வாங்கிக்கொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது வேட்டி கட்டியிருந்தார்.

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? சென்ற வருஷம் என் அக்காள் மகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தான். அவன் போட்டிருந்த அரைக்கைச் சட்டையை நான் கண்கொட்டாமல் பார்த்தேன். சிவப்பு, நீலம், நடுநடுவே மஞ்சள் கோடு. விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. "இதற்கு 'மெட்ராஸ்' என்று பேர், மாமா. அங்கே கோடை காலத்தில் இதுதான் மோஸ்தர்" என்றான்.

என் தாயார் வெற்றிலையை மென்றுகொண்டே சட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "மெட்ராஸாவது ஒண்ணாவது! இது உங்க தாத்தா கட்டின கைலிடா!" என்றாள்.

அவள் சொன்னது சரிதானா என்று பார்க்கத்தான் நான் சரித்திரத்தைப் புரட்ட ஆரம்பித்தேன்.

ஆங்கிலேயர்கள் 1639-இல் இந்த மணல் திட்டைத் தேடி வந்ததற்குக் கடற்காற்று காரணம் அல்ல. நல்ல துறைமுகமும் அன்று இங்கே இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, மசூலா படகில் அலையோடு மல்லுக்கட்டித்தான் சரக்கு ஏற்ற வேண்டும். இருந்தும் பிரான்சிஸ் டே துரை இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. மற்ற இடங்களைவிட இங்கே துணி மலிவு. கோட்டை எழுந்ததே துணிக்காக என்றால் மிகையாகாது. கோட்டைக்கு வடக்கே கம்பெனியின் துணியை வெளுத்து உலர்த்தியவர்கள் குடியிருந்த இடம்தான் இன்றைய வண்ணாரப்பேட்டை.

அதற்கும் வடக்கே திருவொற்றியூர் எல்லையில் காலடிப்பேட்டை இருக்கிறது. யாரோ ஒரு மகானின் காலடி பட்ட தலம் என்றுதான் சிறு வயதில் நினைத்திருந்தேன். உண்மையில் அது காலெட் பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர். தொடக்கத்தில் நூற்றுச் சொச்சம் வீடுகள், சில கடைகள், ஒரு பெருமாள் கோயில். துரையின் பெயர் மக்கள் வாயில் தேய்ந்து காலடியாகிவிட்டது. அங்கே தறி போட்டவர்களின் பெயர்களோ தேய்வதற்குக்கூட மிஞ்சவில்லை.

எண்ணூருக்கும் வடக்கே போனால் பழவேற்காடு. 1610 முதல் டச்சுக்காரர்கள் அதைத் தங்கள் சோழமண்டலக் கடற்கரை வியாபாரத்துக்குத் தலைமை இடமாக வைத்திருந்தார்கள். கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்தன. அவற்றை விற்றவர்கள் வெள்ளிப் பணத்தைவிட இந்தக் கரையின் துணியையே விரும்பிக் கேட்டார்கள். அந்தத் தொடர்பு இன்னும் அறுந்துவிடவில்லை. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடுதான். அங்கே அதைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறார்கள். யாரும் டீக்கடைக்குப் பின்னால் ஒளிவதில்லை.

மேற்கே போன துணியின் கதை இன்னும் வேடிக்கையானது. நம் பருத்தித் துணி லண்டன் சீமாட்டிகளுக்குப் பித்துப் பிடிக்க வைத்தது. அங்கே பட்டும் கம்பளியும் நெய்தவர்களின் அடுப்பு அணைந்தது. 1719-இல், காலெட் துரை இங்கே நெசவாளர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், லண்டன் நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். இந்தியச் சீட்டித் துணி உடுத்திய பெண்களை மறித்து உடைகளைக் கிழித்தார்கள்; மையையும் திராவகத்தையும் வீசினார்கள். இரண்டே வருஷத்தில், 1721-இல், பார்லிமெண்ட் அச்சுப் பருத்தி உடைக்குத் தடை போட்டுச் சட்டம் செய்தது. இங்கே ஒரு பேட்டை பிழைத்ததும் அங்கே ஒரு பேட்டை பட்டினி கிடந்ததும் ஒரே மோஸ்தரால்தான்!

கட்டம் போட்ட துணிக்கோ வேறொரு கிராக்கி இருந்தது. ஒரு கெஜச் சதுரம் சதுரமாக நெய்ததால் அதற்கு 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று பெயர். கைக்குட்டை என்று பெயரே தவிர, அதில் மூக்கைச் சிந்தியவர்கள் குறைவு. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை விலைக்கு வாங்கக் கொடுத்த பண்டங்களில் இந்தியத் துணிக்குப் பெரிய பங்கு உண்டு. மனிதனை வாங்கிய காசு, ஒரு பங்கு நம் தறியில் நெய்தது! நெய்தவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்கள் அந்தத் துணியைத் தங்கள் சொந்தத் துணியாகவே ஆக்கிக்கொண்டார்கள். 'இன்ஜிரி' என்று பெயரும் வைத்தார்கள். குழந்தை பிறந்தாலும் சரி, பெரியவர் இறந்தாலும் சரி, சடங்கில் அந்தத் துணி இருக்க வேண்டும். தாத்தா காலத்துத் துணியைப் பெட்டியில் வைத்துப் பேரன் காலம்வரை காக்கிறார்கள். கட்டத்தில் சில இழைகளை மட்டும் நுட்பமாக அறுத்து உருவி, புதுச் சித்திரம் ஒன்றை அதில் பிறக்க வைப்பதும் அவர்கள் கைவேலை.

அட்லாண்டிக்கின் அக்கரையிலும் கைக்குட்டை தலைக்கு ஏறியது. 1786-இல், ஸ்பெயின்காரர் வசம் இருந்த லூசியானாவின் கவர்னர் மிரோ ஓர் உத்தரவு போட்டார். கறுப்பினப் பெண்கள் கூந்தலை அலங்கரித்துக்கொண்டு திரியக் கூடாது. துணியால் மூட வேண்டும். அவமானப்படுத்தத்தான் உத்தரவு. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பளிச்சென்ற துணிகளை எடுத்துக் கிரீடம் போலக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். கொஞ்ச நாளில் வெள்ளைக்காரப் பெண்களே அதைப் பார்த்துக் கட்ட ஆரம்பித்தார்கள். மார்டினிக் தீவில் தலைக்கட்டின் முனைகளே பாஷை பேசின. ஒரு முனை நின்றால் மனம் காலி. இரண்டு நின்றால் மனத்தில் ஒருவன் இருக்கிறான். மூன்று என்றால் கல்யாணமானவள். நான்குக்கு என்ன அர்த்தம் என்றால், 'யார் வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம்!'

கடைசியாக, என் அக்காள் மகனின் சட்டைக்கு வருகிறேன். 1958-இல் ஜேக்கப்ஸன் என்ற அமெரிக்க வியாபாரி கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் கெஜம் ஒரு டாலர் என்று இந்தக் கைத்தறித் துணியை வாங்கினார். நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடை பத்தாயிரம் கெஜம் எடுத்துக்கொண்டது. இது இயற்கைச் சாயம், குளிர்ந்த நீரில் பதமாக அலச வேண்டும் என்று சொல்லி அனுப்பிய புத்திமதி மட்டும் வாடிக்கைக்காரர்களைப் போய்ச் சேரவில்லை. அவர்கள் இயந்திரத்தில் போட்டுத் துவைத்தார்கள். சிவப்பு நீலத்தில் ஓடியது. நீலம் மஞ்சளில் ஓடியது. ஒரே ரகளை! அப்போது விளம்பரக்காரர்களுக்கு ஒரு யுக்தி தோன்றியது. சாயம் போகும் என்பதையே பெருமையாக்கினார்கள்: 'கட்டாயம் சாயம் போகும் என்று உத்தரவாதம்!' ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புதுச் சட்டை என்றார்கள். கல்லூரிப் பையன்கள் கடைகளை மொய்த்தார்கள்.

எங்கள் வீட்டிலும் கைலியில் சாயம் போகும். அதற்கு நைனா எந்த உத்தரவாதமும் பெற்றதில்லை. அம்மாவிடம் திட்டுதான் பெற்றார்.

இத்தனையும் படித்த பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. மோஸ்தர் துணியில் இல்லை. துணியைப் பார்க்கிற கண்ணில் இருக்கிறது. அந்தக் கண்ணும் தன் ஊர்ப் பொருளைக் கடல் தாண்டிப் போய்த் திரும்பினால்தான் மதிக்கிறது. 2014-இல் ஒரு கிளப்பில் வேட்டிக்கு இடமில்லை என்றதும் நாடே கொதித்தது; சட்டசபையில் சட்டமே வந்தது. நல்ல காரியம். ஆனால் அந்தக் கொதிப்பில் கைலியின் பெயர் யார் வாயிலாவது வந்ததாக எனக்கு நினைவில்லை. என் வாயிலும் வரவில்லை.

போன மாதம் மெட்ரோ ரயிலில் காலடிப்பேட்டையில் இறங்கித் தெருத் தெருவாக நடந்தேன். கோயில் மணி கேட்டது. லாரிச் சத்தம் கேட்டது. தறிச் சத்தம் எங்கும் கேட்கவில்லை. வீடு திரும்பியதும் அம்மாவிடம், "நைனாவின் கைலி ஒன்றாவது இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"அது ஏது? ஒண்ணைக் கிழிச்சுக் கரித்துணியாக்கி எத்தனையோ வருஷம் ஆச்சு. இன்னொண்ணு அவரோடவே போயிடுச்சு" என்றாள். பிறகு என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்குத்தான் அது பிடிக்காதேடா!" என்றாள்.