போன் ஒடோரி விழாவுக்குப் போறீங்களா? உடை முதல் போட்டோ வரை... தெரிஞ்சுக்க வேண்டிய மரியாதைகள் என்னென்ன?

மலேசியாவின் ஷா ஆலமில் ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. மைதானத்தின் நடுவே மர மேடை, அதன் மேல் பெரிய டிரம். சுற்றிலும் ஆயிரக்கணக்கானவங்க வட்டம் வட்டமா ஆடுறாங்க. ஜப்பானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர் என எல்லாரும் அதில் இருக்காங்க. இதுதான் ‘போன் ஒடோரி’. (கையில் இருக்கும் போனுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை!)

டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்கிற நிகழ்ச்சி இல்லை இது. வந்தவங்களே ஆடுகிற விழா. அதனாலேயே முதல் முறை போகிறவர்களுக்கு ஏகப்பட்ட சந்தேகம். என்ன உடுத்துறது? ஆடத் தெரியாதவங்க வட்டத்துக்குள்ள போகலாமா? யாரை வேணும்னாலும் போட்டோ எடுக்கலாமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

போன் ஒடோரி என்றால் என்ன?

‘ஒபோன்’ என்பது ஜப்பானில் மறைந்த முன்னோரை நினைக்கும் நாட்கள். அந்த நாட்களில் முன்னோரின் ஆவி வீட்டுக்கு வந்து போகும் என்பது நம்பிக்கை. ஜப்பானின் பெரும்பாலான பகுதிகளில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை இது நடக்கும். டோக்கியோ போன்ற சில இடங்களில் ஜூலை நடுவிலேயே வந்துவிடும். அப்போது ஊர் கூடி ஆடும் ஆட்டம்தான் போன் ஒடோரி. ‘ஒடோரி’ என்றால் நடனம்.

இதன் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. புத்தரின் சீடர் ஒருவர் இறந்துபோன தன் தாயின் துன்பத்தைத் தீர்த்ததாகச் சொல்லப்படும் கதையோடு ஒபோனை இணைத்துச் சொல்வார்கள். காலப்போக்கில் இது கோடைக்கால ஊர்த் திருவிழாவாகவும் மாறிவிட்டது. 2022 நவம்பரில் ‘ஃபுர்யு ஒடோரி’ என்ற பெயரில் ஜப்பானின் 41 பாரம்பரிய நடனங்களை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பல போன் ஒடோரி நடனங்களும் அதில் அடக்கம்.

ஆக, இது கொண்டாட்டமும்தான், நினைவு கூர்தலும்தான். இந்த இரண்டையும் மனசுல வெச்சுக்கிட்டா, கீழே வரும் விதிகள் எல்லாம் தானாகவே புரியும்.

மலேசியாவில் என்ன சர்ச்சை நடந்தது?

மலேசியாவில் 1977 முதல் இந்த விழா நடக்கிறது. அங்கே வேலைக்கு வந்த ஜப்பானியக் குடும்பங்கள் தொடங்கிய விழா, பின்னர் எல்லா இனத்தவரும் வரும் பெருவிழாவாக வளர்ந்தது. பினாங்கிலும் தனியாக ஒரு விழா நடக்கிறது.

கொரோனாவால் நின்றுபோன விழா 2022-ல் திரும்ப வந்தபோதுதான் பிரச்சினை வெடித்தது. இதில் வேறு மதத்தின் கூறுகள் இருப்பதாகச் சொல்லி, முஸ்லிம்கள் கலந்துகொள்ள வேண்டாம் என அப்போதைய மத விவகார அமைச்சர் இட்ரிஸ் அகமது ஜூன் மாதம் அறிவுறுத்தினார்.

சிலாங்கூர் சுல்தான் ஷராஃபுதீன் இட்ரிஸ் ஷா இதை ஏற்கவில்லை. 2016-ல் தானே விழாவுக்குச் சென்றதைச் சுட்டிக்காட்டி, இது சமூக, பண்பாட்டு நிகழ்ச்சிதான் என்றார். விழாவைத் தடுக்கக் கூடாது, அதிகாரிகள் நேரில் போய்ப் பார்க்கட்டும் என்று மாநில இஸ்லாமிய சமயத் துறைக்கு உத்தரவிட்டார். மதத்துக்கும் பண்பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அமைச்சரும் நேரில் வந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். 2022 ஜூலை 16 அன்று ஷா ஆலமில் விழா நடந்தது. பெரும் கூட்டம் திரண்டது.

இதில் பார்வையாளருக்கு ஒரு செய்தி இருக்கிறது. இன்னொரு நாட்டில், பல மதத்தவர் நடுவே நடக்கும் விழா இது. அங்கே வருபவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பல கண்கள் கவனிக்கின்றன. உங்கள் நடத்தை உங்களோடு முடிந்துவிடாது, விழாவின் பெயரும் அதில் சேர்ந்திருக்கிறது.

யுகாதா கட்டாயமா? வெளிநாட்டவர் உடுத்தலாமா?

கட்டாயம் இல்லை. சாதாரண உடையில் போகலாம். ‘யுகாதா’ என்பது கோடைக்காலத்தில் உடுத்தும் மெல்லிய பருத்தி உடை. விழாவில் ஆண், பெண் இருவரும் உடுத்துவார்கள். வெளிநாட்டவர் உடுத்தினால் பெரும்பாலான ஜப்பானியர்கள் சந்தோஷப்படவே செய்வார்கள். கட்டத் தெரியலைன்னா கேளுங்க, உதவி செய்வாங்க.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் தப்பு பண்ணக் கூடாது. உங்கள் வலது பக்கத் துணியை முதலில் உடம்போடு மடித்து, இடது பக்கத் துணியை அதன் மேல் கொண்டுவர வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே முறைதான். மாற்றி மடித்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. முன்னோரை நினைக்கும் விழாவில் இப்படி வந்து நின்றால், பார்க்கிறவங்களுக்கு எப்படி இருக்கும்?

சரிபார்க்க எளிய வழி: உங்கள் வலது கையை மார்புப் பக்கம் மடிப்புக்குள் சுலபமாக நுழைக்க முடிந்தால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள். செல்ஃபி கேமராவைப் பார்த்துச் சரிபார்க்காதீங்க. அது கண்ணாடி போல இடம் வலமாக மாற்றிக் காட்டும்.

இன்னும் சில:

* முகத்தில் வெள்ளை பூசி, கண்ணை இழுத்து வரைந்து ‘ஜப்பானியர் வேஷம்’ போடுவது கேலியாகவே பார்க்கப்படும்.
* மலேசியா போன்ற நாடுகளில் உள்ளூர் வழக்கத்துக்கு ஏற்ற கண்ணியமான உடை அவசியம். ஹிஜாபோடு யுகாதா உடுத்துவதில் எந்தச் சிக்கலும் இல்லை.
* மரச் செருப்பு பழக்கமில்லை என்றால் வேண்டாம். மணிக்கணக்கில் ஆடணும், காலுக்கு வசதியான செருப்பு போதும்.

ஆடத் தெரியாது... வட்டத்துக்குள் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஒரு சில அசைவுகள்தான், அதுவே திரும்பத் திரும்ப வரும். ‘டாங்கோ புஷி’ என்ற பிரபலமான பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுகுவோகா பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பாட்டு இது. மண்வெட்டியால் தோண்டுவது, தோளுக்குப் பின்னால் வீசுவது, நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது, வண்டியைத் தள்ளுவது... இவ்வளவுதான் ஆட்டம். இரண்டு சுற்று முடிவதற்குள் கை கால் பழகிவிடும்.

வட்டத்துக்குள் கவனிக்க வேண்டியவை:

* நடுவில் இருக்கும் மேடைக்குப் பெயர் ‘யகுரா’. மேடையிலும் அதை ஒட்டிய உள் வட்டத்திலும் பொதுவாக நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பார்த்து ஆடுங்கள். புதுசா வர்றவங்களுக்கு வெளி வட்டமே வசதி.
* இடைவெளி பார்த்து உள்ளே நுழையுங்கள். எல்லாரும் போகும் திசையிலேயே நகருங்கள்.
* தப்பாக ஆடினால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஆனால் நடுவழியில் நின்றுவிட்டால் பின்னால் வருபவர் மோதுவார். நிற்கணும்னா வெளிப்பக்கமாக விலகிவிடுங்கள்.
* வட்டத்தைக் குறுக்கே வெட்டிக் கடக்காதீர்கள்.
* அழைக்காமல் யகுராவில் ஏறாதீர்கள். டிரம்மைத் தொட்டுப் பார்க்கவும் கூடாது.
* பெரிய பை, சாப்பாடு, குடை இவற்றோடு ஆட வராதீர்கள்.

போட்டோ எடுக்கலாமா?

மேடையை, கூட்டத்தைத் தூரத்திலிருந்து எடுப்பதில் பிரச்சினை இல்லை. ஒருவரை மட்டும் குறிவைத்து எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்பது கட்டாயம். ஜப்பானிய மொழியில் கேட்க ஆசையா? “ஷாஷின் ஓ தொத்தேமோ ஈ தெஸ்கா?” என்றால் ‘போட்டோ எடுக்கலாமா?’ என்று அர்த்தம்.

அழகா இருக்குன்னு ஒருவர் உடையையோ இடுப்புப் பட்டையையோ தொட்டுப் பார்க்காதீர்கள். கட்டுவதற்கே நேரம் பிடிக்கும் உடை அது. ஆடும் வட்டத்துக்குள் நின்று ரீல்ஸ் எடுப்பது பலருக்கும் எரிச்சல் தரும். ஒருத்தர் நின்றால் மொத்த வட்டமும் நிற்கும்.

சாப்பாட்டுக் கடைகளில் என்ன கவனிக்கணும்?

‘டகோயாகி’ பார்க்க நம்ம பணியாரம் மாதிரியே இருக்கும். உள்ளே இருப்பது ஆக்டோபஸ். ‘யாகிசோபா’ நூடுல்ஸில் பன்றி இறைச்சி சேர்ப்பது ஜப்பானில் வழக்கம். சைவம் போலத் தெரியும் சூப்பிலும் சாஸிலும் மீனில் இருந்து எடுத்த ‘டாஷி’ சாறு இருக்கலாம், சமையலில் அரிசி மதுவும் சேரலாம். எனவே சைவம் சாப்பிடுபவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் வாங்கும் முன் கேட்டுவிடுவது நல்லது.

சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள். ஒருவர் சாப்ஸ்டிக்கிலிருந்து இன்னொருவர் சாப்ஸ்டிக்குக்கு உணவை மாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்பு எடுக்கும் சடங்கு அப்படித்தான் நடக்கும்.

குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்தால், பக்கத்தில் குவிக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஜப்பானியப் பழக்கமும் அதுவே.

கோயிலில் நடந்தால்?

ஷா ஆலமில் நடப்பது மைதானத்தில். ஆனால் ஹவாயிலும் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் பெரும்பாலும் பௌத்த கோயில் வளாகத்திலேயே போன் நடனம் நடக்கும். ஹவாயில் ஜூன் தொடங்கி கோடை முழுக்க வாரக் கடைசிகளில் ஒவ்வொரு கோயிலாக நடப்பது வழக்கம்.

இங்கே கூடுதல் கவனம் தேவை. நடனத்துக்கு முன் வழிபாடு இருக்கலாம். அப்போது பேச்சு, போட்டோ இரண்டையும் தவிர்க்கவும். காகித விளக்குகளில் எழுத்து இருந்தால் அது இறந்தவரின் பெயராக இருக்கலாம், தொடாதீர்கள்.

குடும்பத்தில் ஒருவர் இறந்த பின் வரும் முதல் ஒபோனுக்கு ‘ஹட்சுபோன்’ என்று பெயர். உங்கள் பக்கத்தில் சிரித்துக்கொண்டே ஆடும் அம்மா, இந்த வருஷம் பறிகொடுத்த ஒருவருக்காக ஆடிக்கொண்டிருக்கலாம்.

சுருக்கமாக...

செய்யலாம்:
* தெரியாவிட்டாலும் வெளி வட்டத்தில் சேர்ந்து ஆடலாம்
* முறைப்படி யுகாதா உடுத்தலாம். இடது பக்கம் மேலே வரணும்
* கேட்டுவிட்டு போட்டோ எடுக்கலாம்
* கிளம்பும்போது “அரிகத்தோ கொசாய்மாஸ்” என்று லேசாகத் தலை குனிந்து நன்றி சொல்லலாம்

செய்யக் கூடாது:
* வட்டத்தின் நடுவே நிற்பது, குறுக்கே போவது
* அழைக்காமல் மேடை ஏறுவது
* பிறர் உடையைத் தொடுவது, கேலி வேஷம் போடுவது
* சோற்றில் சாப்ஸ்டிக் குத்துவது, குப்பை விட்டுச் செல்வது

ஜப்பானிய மொழியோ நடனமோ தெரிந்திருக்க வேண்டும் என்று இந்த விழா யாரிடமும் கேட்பதில்லை. முன்னால் ஆடுபவரைப் பார்த்து அசைந்தால் போதும், பின்னால் வருபவருக்கு வழி விட்டால் போதும். கிளம்புவதற்கு முன் தேதி, இடம், நுழைவு விதிகளை ஏற்பாட்டாளர்களின் அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கோங்க. நாட்டுக்கு நாடு, வருஷத்துக்கு வருஷம் விதிகள் மாறும்.