ஏட்டுச் சுவடி முதல் வீட்டுக் கணினி வரை



புறநானூற்றில் எத்தனை பாடல்கள் உள்ளன என்று வினவினால், பெயரைப் பார்த்தே 400 என்று சொல்லிவிடுவோம். உண்மையில் 267, 268 ஆகிய இரு பாடல்களும் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றுள்ளும் பல பாடல்கள் அடி சிதைந்தே நிற்கின்றன. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்கள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. பாடிய புலவர்கள் குறை வைக்கவில்லை. இடையில் எங்கோ, படியெடுக்கப்படாத ஏடுகள் அழிந்தபோது அவையும் உடன் அழிந்திருக்க வேண்டும்.

இதனை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். எனினும் அதன் வலி எனக்கு உறைத்தது என் வீட்டுக் கணினி பழுதான நாளில்தான்.

ஜொகூரில் தோட்டங்கள் பல தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது, அங்கிருந்த தமிழ்ப்பள்ளிகள் சில மூடப்பட்டன. சில இடம் பெயர்ந்தன. அத்தகைய தோட்டப் பள்ளி ஒன்றின் பழைய ஒளிப்படங்களைப் பணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னிடம் நம்பிக் கொடுத்தார். 60க்கும் மேற்பட்ட படங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டு, மூலப்படங்களை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். சில ஆண்டுகளில் அப்பெரியவர் மறைந்தார். அவர் குடும்பத்தார் வீடு மாறியபோது அப்படங்களும் எங்கோ போயின. அதன்பின் ஒருநாள் என் கணினியின் வன்தட்டு செயலற்றுப்போயிற்று. விழா மலருக்காகக் குறுவட்டில் பதிந்து நண்பர் ஒருவரிடம் கொடுத்திருந்த 11 படங்கள் மட்டுமே எஞ்சின. மற்றவை என் கவனக்குறைவால் தமிழுக்கு நேர்ந்த இன்னொரு 267, 268.

ஒரே ஒரு படியாக இருப்பது பாதி தொலைந்ததற்குச் சமம். நம் நூல்களின் வரலாறு இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது.

படியெடுத்தவர்களின் கொடை

பனையோலை ஏடு, எவ்வளவு பேணினாலும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. ஆகவே, சங்கப்பாடல் ஒன்று இன்று நம் கையில் இருக்கிறதென்றால், தலைமுறை தலைமுறையாக யாரோ அதனைப் புதிய ஓலையில் எழுத்தாணி கொண்டு பெயர்த்தெழுதி வந்துள்ளனர் என்பது பொருள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அவ்வழக்கம் தளர்ந்த இடங்களில் ஏடுகள் மடிந்தன. உ.வே.சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, அங்கிருந்த பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்துத் தீயில் இடப்பட்டுவிட்டன என்று கேட்டு மனம் நொந்ததைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ.வே.சா. அதே 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். இவர்கள் ஒரு சுவடியை மட்டும் நம்பவில்லை. பல ஊர்ச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டனர். ஒன்றில் செல்லரித்துப்போன அடி மற்றொன்றில் முழுமையாக இருந்தது.

குண்டலகேசியும் வளையாபதியும் முழு நூலாகக் கிடைக்கவில்லை. அவற்றின் சில பாடல்களாவது பிழைத்ததற்குக் காரணம், புறத்திரட்டு போன்ற பிற நூல்களில் அவை எடுத்தெழுதப்பட்டிருந்ததே. வேறோர் இடத்தில் இருந்த படிதான் காப்பாற்றியது.

ஒரே இடத்தில் வைத்தால்

1981 மே 31 இரவு முதல் சூன் 1 வரை யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பின்னாளில் கட்டடம் மீண்டும் எழுந்தது. ஆனால், வேறெங்கும் படியில்லாதவை திரும்பவில்லை.

இத்தகைய இழப்புகளைத் தடுக்கவே பின்வந்த முயற்சிகள் பயன்பட்டன. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை, அவர் மறைவுக்குப்பின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. நூல்கள் சென்னையிலேயே நூலகமாக வைக்கப்பட்டு, நுண்படச் சுருள்களில் படியெடுக்கப்பட்டன. 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு.கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து இலக்கியங்களை இணையத்தில் ஏற்றினர். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கி வருகிறது.

நமக்கும் இது தொலைதூரச் செய்தியன்று. பாசிர் கூடாங்கிற்கு அருகிலுள்ள கோத்தா திங்கி, 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் அடுத்தடுத்து வெள்ளத்தில் மூழ்கியது. கணினியையும் அதன் காப்புப்படியையும் ஒரே மேசையில் வைத்திருந்தால் வெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

இருந்தும் படிக்க முடியாவிட்டால்

பயிற்சிக் கல்லூரியில் நான் எழுதிய இடுபணிகள் சில இன்னும் என்னிடம் உள்ளன. திறந்தால் தமிழ் தெரியாது. பொருளற்ற குறிகளே தெரியும். அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியாக்கத்தில் இருந்தது. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கியது முதல் கணினித் தமிழ் நெடுந்தொலைவு வந்துள்ளது. 1999 சென்னை மாநாட்டிலும் 2001 கோலாலம்பூர் மாநாட்டிலும் அறிஞர்கள் கூடிப் பேசினர். இறுதியில் யுனிகோடு என்னும் ஒருங்குறியே பொதுவழக்காயிற்று. ஆகவே, பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி வைப்பதும் படியெடுத்தலே. பழைய எழுத்தைப் புதிய ஓலையில் பெயர்த்தவர்களின் பணி இதுவே.

செல்லும் நச்சுநிரலும்

ஏட்டுக்குக் கறையான், கணினிக்கு நச்சுநிரல். 1999 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் எனப்பட்ட நச்சுநிரல், வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்து எண்ணற்ற கணினிகளை முடக்கியது. 2000 மே மாதத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து காதல் கடிதம் போல் மின்னஞ்சலில் வந்த ஒன்று, திறந்தவர்களின் ஒளிப்படக் கோப்புகளை அழித்துத் தன்னையே அவ்விடத்தில் எழுதிவைத்தது. 2017 மே 12 அன்று பரவிய வன்னாக்கிரை, ஏறத்தாழ 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவியவர்களும், தனியே காப்புப்படி வைத்திருந்தவர்களும் கலங்கவில்லை.

நம் வீட்டில் செய்யத்தக்கவை

1. மூன்று படிகள், இரு வகைச் சாதனங்கள், ஒரு படி வேறிடத்தில். இதுவே உலகெங்கும் கூறப்படும் 3-2-1 விதி. கணினியில் ஒன்று, வெளிப்புற வன்தட்டில் ஒன்று, உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று.

2. வெளிப்புற வன்தட்டைப் படியெடுத்தவுடன் கழற்றி வையுங்கள். எப்போதும் இணைத்தே வைத்தால், கோப்புகளைப் பூட்டும் நச்சுநிரல் அதையும் பூட்டும்.

3. இணையச் சேமிப்பை மட்டும் நம்பாதீர்கள். கணினியில் தவறுதலாக அழித்தது அங்கும் அழியக்கூடும். தமிழர் பலர் தொடக்கக் காலத்தில் பக்கங்கள் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ், 2009 அக்டோபரில் மூடப்பட்டதை நினைவிற் கொள்க.

4. இயங்குதளத்தைப் புதுப்பித்து வாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அறியாதவர் அனுப்பும் இணைப்புகளைத் திறவாதீர். பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லிக் கொடுங்கள். ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் பயன்படுத்தாதீர்.

5. ஆண்டுக்கொரு முறையாவது காப்புப்படியைத் திறந்து பாருங்கள். திறவாத படி, படியென்று சொல்லத்தக்கதன்று.

பள்ளி விடுமுறையில் ஒரு பிற்பகல் போதும். பிள்ளைகளின் ஒளிப்படங்கள், பிறப்புச் சான்றிதழ், பாட்டியின் குரற்பதிவு, பள்ளியின் பழைய விழா மலர் என எவையெல்லாம் ஒரே படியாக உள்ளன என்று பட்டியலிடுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

என்னிடம் எஞ்சிய 11 படங்களும் இன்று மூன்று இடங்களில் உள்ளன. அவற்றுள் ஒன்றில், மரநிழலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மற்றப் படங்களில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்ல இன்று எவருமில்லை. அந்நிலை உங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் வரவேண்டா.

படியெடுப்போம், பாதுகாப்போம். வாழ்க தமிழ்!