சிதறிய அட்டவணைகளும் கற்கும் பொறியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒருவருக்குக் கடன் வழங்கலாமா, வழங்கலாகாதா என்னும் வினாவுக்குரிய விடை எந்த ஒரு பதிவேட்டிலும் முழுமையாக எழுதப்பட்டிருப்பதில்லை. அவர் பிறந்த ஆண்டு ஓர் ஏட்டிலும், கணக்கின் வைப்பும் மீட்பும் வேறோர் ஏட்டிலும், வாழும் மாவட்டத்தின் நிலை பிறிதோர் ஏட்டிலும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றை ஒருங்கே வைத்து நோக்கும் பணி முன்னர் வங்கி முகாமையாளருடையதாக இருந்தது. அதனைக் கணினியிடம் ஒப்படைக்க முற்பட்டபோது, பல அட்டவணைகளை இயந்திரக் கற்றலுக்கு ஏற்றவாறு ஒன்றாக்குவது எங்ஙனம் என்ற சிக்கல் எழுந்தது. அச்சிக்கலின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இச்சிதறல் தற்செயலானதன்று, திட்டமிட்டுச் செய்யப்பட்டதாகும். இங்கிலாந்திற் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளராக விளங்கிய எட்கர் கொட், 1970 ஆம் ஆண்டில் தொடர்புசார் தரவு மாதிரியை வெளியிட்டார். ஒரே செய்தி பல இடங்களில் எழுதப்படின், ஓரிடத்தில் திருத்தப்பட்டது மற்றோரிடத்தில் திருத்தப்படாது போகும். ஆகவே செய்திகளைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான சாவி எண்களால் தொடர்புபடுத்தி, வேண்டும்போது இணைத்துக்கொள்ளும் முறை நிலைபெற்றது. கணக்கைப் பேணுவோருக்கு இது பெருநன்மை பயத்தது.

கற்றல் முறைகளோ இதற்கு மாறான ஒன்றை வேண்டி நின்றன. அவுஸ்திரேலியரான றொஸ் குயின்லன் 1986 இல் விளக்கிய தீர்மான மரம் போன்ற முறைகளில், ஓர் எடுத்துக்காட்டு ஒரே வரிசையாக அமைதல் வேண்டும். இவ்வரையறையைக் கடக்க அவரே 1990 இல் உறவுகளிலிருந்து நேரடியாக விதிகளைக் கற்கும் முறையொன்றை அளித்தார். 1991 இல் ஸ்ரீபன் மகிள்ரன் இத்தகைய ஆய்வுகளுக்குத் தொகுத்தறி தருக்க நிரலாக்கம் என்னும் துறைப்பெயரை வழங்கினார்.

1999 இல் பிராக் நகரில் நடைபெற்ற ஐரோப்பிய அறிவுக் கண்டறிதல் மாநாட்டையொட்டி, செக் வங்கியொன்றின் தரவுகள் ஆய்வாளர்முன் வைக்கப்பட்டன. அட்டவணைகள் எட்டு, கணக்குகள் 4,500, கொடுக்கல் வாங்கற் பதிவுகள் 1,056,320, கடன்களோ 682 மாத்திரமே. அக்கடன்களுள் 76 செலுத்தப்படாதனவாகவோ நிலுவையில் உள்ளனவாகவோ குறிக்கப்பட்டிருந்தன.

இங்கு அட்டவணைகளை வெறுமனே இணைத்தால் நேரும் தீங்குகள் இரண்டு. ஒரு கணக்குக்குச் சராசரியாக ஏறத்தாழ 235 பதிவுகள் உள்ளன. ஆதலால் ஒரே கடன் நூற்றுக்கணக்கான வரிசைகளாகப் பெருகும்; வங்கிக்கு அடிக்கடி வந்து சென்றவரின் குரல் பலமடங்கு ஓங்கி ஒலிக்கும். இது முதலாவது தீங்கு. இரண்டாவது அதனினும் நுண்ணியது. கடன் பெற்ற பின்னர் நிகழ்ந்த பதிவுகளும் உடன்சேருமாயின், தவணை தவறியவரின் பிற்காலத் தடுமாற்றமே பொறிக்கு விடையை உரைத்துவிடும். சோதனையில் அது சிறந்து விளங்கும். கடன் கேட்டு வாயிலில் நிற்பவரிடத்தோ, எதிர்காலப் பதிவு எதுவும் இன்மையாற் பிழைத்துவிடும்.

இதனாலேயே, கடன் வழங்கிய நாளுக்கு முற்பட்ட பதிவுகளை மட்டும் எடுத்து, அவற்றின் எண்ணிக்கை, கூட்டுத்தொகை, சராசரி, மிகக்குறைந்த மீதி என்பவற்றைக் கணித்து, ஒரு கடனுக்கு ஒரு வரிசை அமைப்பது தக்க நெறியாயிற்று. 2015 இல் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மக்ஸ் கான்ரரும் கல்யாண் வீரமாச்சனேனியும் இத்தகைய சுருக்கங்களைத் தாமாகவே உருவாக்கும் முறையொன்றை வகுத்தனர். அண்மைக் காலத்தில், வரிசைகளைக் கணுக்களாகவும் சாவித் தொடர்புகளை இழைகளாகவும் கொண்டு, அட்டவணைகளை ஒன்றாக்காமலே வலையமைப்பாகக் கற்கும் முயற்சிகளும் வலுப்பெற்றுள்ளன.

எனினும், கருவிகள் எத்துணை வளரினும் இரு வினாக்கள் மனிதர்க்கே உரியனவாக எஞ்சுகின்றன. ஒரு வரிசை யாரைக் குறிக்கின்றது? எந்நாள் வரை அறிந்ததைக் கொண்டு அவர் மதிப்பிடப்படுகின்றார்? சராசரி என்னும் ஓர் எண்ணுள் ஒருவரின் நெருக்கடியும் மீட்சியும் ஒருங்கே மறைந்துவிடக்கூடும். ஆதலின் அட்டவணைகளை இணைத்தல் வெறும் கணிதச் செயலன்று. சான்றுகளை ஆராய்ந்து தீர்ப்பு வழங்குவதை ஒத்த பொறுப்பாகும். வரலாற்று மாணவர் ஆவணங்களிடத்துக் காட்டும் அதே எச்சரிக்கை இங்கும் வேண்டற்பாலதே.