மேற்படிப்போடு மாணவர் வழிகாட்டிப் பணி: அறிய வேண்டியவை

முதுகலை, முனைவர் பட்டப் படிப்பை மேற்கொள்வோர் பகுதி நேரமாகச் செய்யும் பணிகளில், இளைய மாணவர்களுக்குக் கல்வி, தொழில் வழிகாட்டுவதும் ஒன்று. எஸ்.பி.எம். முடிவு வெளிவந்ததும் இவர்களின் தேவை கூடுகிறது. வீட்டில் யாரும் பல்கலைக்கழகம் போகாத தோட்டப்புறக் குடும்பங்களில், கேட்டறிய வேறு ஆள் இருப்பதில்லை.

வேலை என்ன?

வழிகளை விளக்குவதே முதல் வேலை. ஆறாம் படிவம் (எஸ்.டி.பி.எம்.) மூன்று தவணைகளைக் கொண்டது, ஒன்றரை ஆண்டில் முடியும். மெட்ரிகுலேஷன் ஓராண்டு அல்லது ஈராண்டு. போலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கலாம். கைத்தொழிலில் நாட்டம் உள்ளவர்களுக்கு மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் உண்டு. நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா.

மெட்ரிகுலேஷன் கல்வி அமைச்சின் கீழ் வருகிறது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யுபியு வழி விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றை அனுப்பிவிட்டு மற்றதும் ஆயிற்று என்றிருந்து இடத்தை இழப்போர் உண்டு. ஆகவே இறுதி நாட்களைக் குறித்துத் தருவதும் வழிகாட்டியின் பொறுப்பு.

அங்கீகாரம் பார்த்தல்

தனியார் கல்லூரியில் சேரும் முன், மலேசியத் தகுதி முகமையின் (எம்.கியூ.ஏ.) இணையத்தளத்தில் படிப்பின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். கல்லூரி பதிவு பெற்றிருந்தால் மட்டும் போதாது. குறிப்பிட்ட அந்தப் படிப்புக்கும் அங்கீகாரம் இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பிடிபிடிஎன் கடன் கிடைக்காது. அக்கடனுக்கு விண்ணப்பிக்க எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கும் தேவை. நகையை அடகு வைத்துக் கட்டிய முன்பணம் வீணாகாமல் தடுப்பது இந்தச் சில நிமிடச் சோதனைதான்.

எல்லை எது?

1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டத்தின்படி (சட்டம் 580), பதிவு பெறாதவர் தம்மைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பகுதி நேர வழிகாட்டி தகவல் தரலாம்; விண்ணப்பம் நிரப்ப உதவலாம். மன அழுத்தமோ குடும்பச் சிக்கலோ தெரிந்தால், பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் அனுப்பிவைப்பதே முறை.

சம்பளம் யார் தருகிறார் என்பதும் முக்கியம். மாணவரைச் சேர்த்துவிட்டால் கல்லூரியிடமிருந்து கமிஷன் வாங்குபவர் முகவர். அவரும் நல்ல தகவல் தரலாம். ஆனால் கமிஷன் வாங்குவதை மறைக்கக் கூடாது. பெற்றோரும் இதைக் கூச்சமின்றிக் கேட்கலாம்.

சேரும் முன்

உபகாரச் சம்பளம் பெறுவோர், வெளிவேலைக்குத் தடை உண்டா என ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். ஆய்வு மேற்பார்வையாளரிடமும் சொல்லிவிடுவது நல்லது. விண்ணப்பக் காலத்தில் தொலைபேசி ஓயாது. ஆய்வேட்டு வேலையை அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

எந்தப் படிப்பு என்பதை மாணவரும் பெற்றோருமே முடிவு செய்ய வேண்டும். “எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லத் தயங்காதவரே இப்பணிக்கு ஏற்றவர்.