ஏரிக்கரையில் கலெக்டர் பார்த்தது

காஞ்சிபுரத்தில் வைகாசி கருட சேவை பார்த்திருக்கிறீர்களா? விடிகாலையில் வரதராஜப் பெருமாள் கோபுர வாசலைத் தாண்டும்போது கூட்டம் அலைமோதும். அந்த ஊர்க் கோயில்களின் சரித்திரத்தில் ஒரு வெள்ளைக்கார கலெக்டருக்கும் இடம் உண்டு. பெயர் லயோனல் பிளேஸ். 1794 முதல் 1798 வரை, காஞ்சிபுரமும் அடங்கிய செங்கல்பட்டு ஜாகீரை ஆண்ட கும்பெனி அதிகாரி.

அவர் வந்தபோது சீமை பாழாகிக் கிடந்தது. 1780-ல் ஹைதர் அலி படையெடுப்பு. காஞ்சிக்குப் பக்கத்திலேயே, பொள்ளிலூரில், கும்பெனிப் படை சின்னாபின்னமானது. ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஏரிகள் உடைந்தன. ஏரி இல்லாவிட்டால் நெல் இல்லை, நெல் இல்லாவிட்டால் வரி ஏது? பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்த்தார். கூடவே காஞ்சி கோயில் நிர்வாகத்திலும் கை வைத்தார். பழைய ராஜாக்கள் செய்ததையெல்லாம் தானும் செய்ய வேண்டும் என்று நினைத்தார். பக்தியா, வசூலா? இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இனி கதைக்கு வருவோம். மதுராந்தகம் ஏரி மழைக்கு மழை உடைந்துகொண்டே இருந்தது. ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய், ராமர் கோயிலில் தாயார் சன்னதி கட்டப் பணம் கேட்டார்கள். 'உங்கள் சாமி இந்த வருஷம் ஏரியைக் காப்பாற்றட்டும், நானே கட்டித் தருகிறேன்' என்றாராம் துரை. 1798-ல் பேய் மழை. ராத்திரி கரையைப் பார்க்கப் போனார். அங்கே வில்லும் அம்புமாக இரண்டு வாலிபர்கள் காவல் நிற்கிறார்கள். துரை மண்டியிட்டுவிட்டார். கூட வந்தவர்கள் கண்ணுக்கோ ஒன்றும் தெரியவில்லை! கரை உடையவில்லை. சாமிக்கு 'ஏரி காத்த ராமர்' என்று பெயர் வந்தது.

இதைக் கேட்டு ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார், இன்னொருவர் சிரிப்பார். எவான்ஸ் வென்ட்ஸ் என்ற அமெரிக்கர் இரண்டும் செய்திருக்க மாட்டார். அயர்லாந்து, வேல்ஸ், பிரிட்டனி என்று கிராமம் கிராமமாகப் போய், தேவதைகளைப் பார்த்ததாகச் சொன்னவர்களிடம் வாக்குமூலம் வாங்கியவர் அவர். 1911-ல் அதைப் பெரிய புத்தகமாகவே போட்டார். விவசாயி சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளாமல், அவன் எதை, எப்படிப் பார்த்தான் என்று கேட்பதே அவர் வழி. (இதே மனிதர் 1935-ல் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியிடமும் கேள்விகள் கேட்டார்.)

அவர் பாணியில் நாமும் கொஞ்சம் துருவலாம். தாயார் சன்னதி இன்றைக்கும் இருக்கிறது. அது கலெக்டர் பிளேஸ் துரையின் தர்மம் என்று கல்வெட்டும் சொல்கிறது. ஆனால், காட்சியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. தர்மம் கல்லில், தரிசனம் ஜனங்கள் வாயில்.

சரி, தரிசனத்தை ஏன் பட்டாச்சாரியாருக்குத் தராமல் துரைக்குத் தந்தார்கள்? அவர்கள் அறிந்த உலகத்தில் ஏரியும் கோயிலும் ஒரே கணக்கு. இரண்டையும் காப்பது ராஜாவின் வேலை. இப்போது ராஜா இடத்தில் ஒரு கும்பெனிக்காரர்! அவரை எப்படி அந்தக் கணக்குக்குள் கொண்டுவருவது? சாமியைக் காட்டிவிட்டார்கள். பார்த்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியாதே! யூஜின் இர்ஷிக் என்ற சரித்திர ஆய்வாளர் 1994-ல் எழுதிய புத்தகத்தில், அந்தக் காலத்து ஜாகீரை வெள்ளைக்காரர்கள் மட்டும் தனியாக உருவாக்கவில்லை, உள்ளூர்க்காரர்களோடு நடந்த பேச்சுவார்த்தையில்தான் அது உருவானது என்கிறார். ஏரிக்கரைக் கதையும் அந்தப் பேச்சில் ஒரு பகுதி என்றே எனக்குப் படுகிறது.

ஒரே ஒரு குறை. அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டு துரையோடு போனவர்கள், எதையும் பார்க்காதவர்கள், யார் யார் என்று கதை சொல்வதில்லை. எவான்ஸ் வென்ட்ஸ் மதுராந்தகம் வந்திருந்தால் முதலில் அவர்களைத்தான் தேடியிருப்பார்.